விரலை எடுக்க விட்டால் காலும் போய்விடுமா?

புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு 58 வயது. சீனி வருத்தம் (நீரிழிவு) தொடங்கி 15 வருடம். வயல்தான் தொழில், பீடி பழக்கம் உண்டு. 2009 யுத்தத்தில் செல் (எறிகணை) பட்ட வலது காலில் சின்னச் சின்னத் துண்டுகள் இன்னும் உள்ளே இருக்கின்றன. அதே காலின் பெருவிரலுக்குக் கீழே தடித்திருந்த தோலை பிளேட்டால் சீவியிருக்கிறார். அது புண்ணாகிவிட்டது. புண்ணோடேயே விதைப்புக்கு இறங்கியிருக்கிறார். ஐந்து கிழமையாகியும் ஆறவில்லை. இப்போது விரல் நுனி கறுத்து, மணமும் வருகிறதாம். ஆனால் நோவே இல்லை என்கிறாராம். வைத்தியசாலையில் விரலை எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். “பெரியப்பாவுக்கும் முதலில் விரலைத்தான் எடுத்தார்கள். பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே. அதனால் சொந்தப் பொறுப்பில் கையெழுத்து வைத்து அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். நாங்கள் செய்தது சரியா? ஆருக்குக் கால் போகும், ஆருக்குப் போகாது என்று முன்கூட்டியே சொல்ல ஏலாதா? வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு வெறுங்காலோடு வருவதாக அப்பா நேர்த்தி வைத்திருக்கிறார், அதற்கு என்ன செய்வது?” என்பது கடிதத்தின் சாரம்.

தங்கச்சி, மிச்சத்தைப் பிறகு வாசியுங்கள். முதலில் அப்பாவை இன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். கறுத்த விரல், மணம், ஐந்து கிழமைப் புண் என்ற மூன்றும் சேர்ந்த பிறகு அது கிளினிக் திகதி வரைக்கும் பொறுத்திருக்கிற காயம் இல்லை. காய்ச்சல், நடுக்கம், பாதம் வீக்கம், சிவப்பு மேலே ஏறுதல், வாந்தி, ஆள் வழமைபோல் கதைக்காமல் சோர்ந்து கிடத்தல் இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று பார்க்க வேண்டாம், 1990க்கு அடியுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. முதல் தடவை கையெழுத்து வைத்துவிட்டு வந்தோமே, இனி எந்த முகத்தோடு போவது என்ற கூச்சமும் வேண்டாம். அப்படித் திரும்பி வருகிறவர்கள் வைத்தியசாலையில் வேலை செய்கிற எங்களுக்குப் புதிதில்லை. அவர்களை ஏசி அனுப்புவது எங்கள் வேலையும் இல்லை.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆருக்குக் கால் போகும் என்பதை ஓரளவுக்கு முன்கூட்டியே சொல்லலாம். சீனி நோயாளரின் கால் அகற்றல்களில் 100க்கு 85 அளவில் முதலில் ஒரு புண்ணாகத்தான் தொடங்கியிருக்கின்றன. ஆனால் புண் வந்த எல்லோருக்கும் கால் போவதில்லை. எது போகும், எது தப்பும் என்பதை நாலைந்து காரணங்கள் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. அப்பாவின் காலை வைத்தே அவற்றைப் பார்ப்போம்.

முதலாவது, நோ இல்லாதது. வீட்டில் எல்லோருக்கும் ஆறுதல் தந்தது அதுதான் என்று உங்கள் எழுத்தில் தெரிகிறது. எனக்குப் பயம் தருவதும் அதேதான். பெருவிரலுக்குக் கீழே இவ்வளவு பெரிய புண்ணை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் சேற்றுக்குள் நின்று விதைக்கிறார் என்றால் அந்தக் காலின் நரம்பு செத்துவிட்டது என்று அர்த்தம். கிளினிக்கில் பாட்டாச் செருப்பைக் கழற்றச் சொன்னால், உள்ளே ஒரு பொடிக்கல், சில வேளை ஒரு உடைமுள்ளு பாட்டாவைத் துளைத்துக்கொண்டு நிற்கும். காலையில் இருந்து அதை மிதித்துக்கொண்டு வந்திருப்பார், ஆளுக்குத் தெரிந்திருக்காது. தோல் தடிப்பதும் இதோடு சேர்ந்ததுதான். நரம்பு போன காலில் விரல்கள் வளைந்து, பாரமெல்லாம் ஓரிரு இடத்தில் விழுகிறது. அந்த இடம் தடிக்கிறது. தடித்த தோலுக்கு அடியில் சதை நசிந்து, வெளியே தெரியாமலே புண்ணாகிறது. அதை பிளேட்டால் சீவுவதும், கால் ஆணிக்கென்று பாமசியில் விற்கும் பிளாஸ்ரரை ஒட்டுவதும் சீனிக்காரர் செய்யவே கூடாத வேலைகள். அந்தப் பிளாஸ்ரரில் தோலை அரிக்கிற அமிலம் இருக்கிறது.

நரம்பைப் பார்க்க எங்களிடம் ஒரு நைலோன் இழை இருக்கிறது, அதால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி தெரிகிறதா என்று பார்ப்போம். வீட்டில் விரலாலேயே பார்க்கலாம். அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளை உங்கள் சுட்டுவிரலால் ஒரு வினாடி இரண்டு வினாடி மெல்லத் தொடுங்கள். அமத்தவோ தட்டவோ வேண்டாம். தொட்டதை உணர்ந்தால் சொல்லச் சொல்லுங்கள். ஆறு இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்துவிட்டது. புண்ணுள்ள விரலை விட்டுவிடுங்கள். அம்மாவுக்கும் சீனி இருந்தால் அவவுக்கும் பாருங்கள்.

இரண்டாவது, இரத்த ஓட்டம். என்னைக் கேட்டால், கால் தப்புமா இல்லையா என்பதில் பாதிக்கு மேல் இதில்தான் இருக்கிறது. குளத்தில் தண்ணீர் நிறைந்திருந்தாலும் வாய்க்கால் தூர்ந்துபோனால் கடைசி வயலுக்குத் தண்ணீர் போகாது. விரல்தான் அந்தக் கடைசி வயல். சீனியும் பிறஷரும் கொழுப்பும் குழாயை உள்ளே தடிக்க வைக்கின்றன, பீடி அதை இன்னும் விரைவாக்குகிறது. இரத்தம் போகாத இடத்துக்கு அன்டிபயோட்டிக்கும் போகாது. எவ்வளவு விலையான மருந்தைக் கட்டினாலும் அந்தப் புண் ஆறாது.

கணுக்காலுக்கு உட்பக்கப் பின்புறத்திலும் பாதத்தின் மேற்பக்கத்திலும் நாடி துடிக்க வேண்டும். வைத்தியர் அங்கே விரல் வைத்துப் பார்ப்பார். நாடி கிடைக்காவிட்டால் இரத்த ஓட்டத்தின் சத்தத்தைப் பிடிக்கும் டொப்ளர் கருவியால் கணுக்காலின் அழுத்தத்தையும் கையின் அழுத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கணுக்கால் அளவை கை அளவால் பிரித்தால் 0.9க்குக் கீழே வருவது அடைப்பின் அறிகுறி. நெடுநாள் சீனிக்காரரில் குழாய் கல்லுப்போல் இறுகி, அந்தக் கணக்கு 1.3க்கு மேலே போய்ப் பார்வைக்கு நன்றாக இருப்பதுபோல் காட்டும். அப்படியானால் விரலில் அழுத்தம் பார்ப்பதுதான் நம்பகம். “நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கிறதா” என்று கேட்டு, இல்லை என்றால் ஓட்டம் நல்லது என்று விடுவதும் சரியில்லை. நரம்பு செத்தவருக்கு அந்தப் பிடிப்பும் தெரியாமல் போகலாம்.

மூன்றாவது, புண்ணின் ஆழமும் கிருமியும். மேலே பார்த்தால் ஐந்து ரூபாய்க் குற்றி அளவு, உள்ளே எலும்பு வரை பொந்து. இதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். கிருமி சுத்தம் செய்த மெல்லிய உலோகக் குச்சியால் புண்ணுக்குள் தொட்டுப் பார்ப்போம். கல்லில் தட்டியதுபோல் பட்டால் எலும்புக்கும் கிருமி போயிருக்க வாய்ப்பு அதிகம். எக்ஸ்றேயில் அது தெரிய இரண்டு மூன்று கிழமை எடுக்கும், ஆகவே ஆரம்ப எக்ஸ்றே நல்லது என்று சொன்னதை வைத்து நிம்மதியாக இருக்க ஏலாது. புண் ஓரத்திலிருந்து சிவப்பு 2 சென்றிமீற்றருக்கு மேலே பரவியிருந்தால் கிருமி புண்ணோடு நிற்கவில்லை. காய்ச்சல் 38 பாகைக்கு மேல், நாடி நிமிடத்துக்கு 90க்கு மேல் என்றால் அது உடம்புக்குள் ஏறத் தொடங்கிவிட்டது. ஆனால் காய்ச்சல் இல்லை என்பதால் கிருமி இல்லை என்று ஆகாது. சீனிக்காரர் பலருக்குக் கடும் கிருமியிலும் உடம்பு சுடாது. காரணம் தெரியாமல் சீனி திடீரென்று ஏறுவதுதான் சில வேளை முதல் அடையாளம்.

அப்பா சேற்றில் நின்றவர் என்பதை வாட்டில் கட்டாயம் சொல்லுங்கள். வயல் மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் ஒரு கிருமியால் மெலியோய்டோசிஸ் என்ற நோய் வருகிறது. இலங்கையிலும் அது உண்டு. அதற்கு அதிகம் ஆளாகிறவர்கள் சீனிக்காரர்கள்தான். வழக்கமாகக் கொடுக்கும் சில அன்டிபயோட்டிக் அதற்கு வேலை செய்யாது. சொன்னால்தான் புண்ணின் சதையையும் இரத்தத்தையும் அதற்கென்று சோதிக்க யோசிப்பார்கள்.

செல் துண்டுகள் உள்ளே இருப்பதையும் சொல்லுங்கள். வன்னியில் இது பாதிப் பேருக்குச் சொல்லத் தோன்றாத விடயம், அவ்வளவு பழகிவிட்டது. எலும்பில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க சில வேளை எம்.ஆர்.ஐ. என்ற காந்த ஸ்கான் எடுப்பார்கள். உள்ளே இரும்பு இருந்தால் அந்தக் காந்தத்தில் அது அசையலாம், சுடலாம். முதலே தெரிந்தால் எக்ஸ்றே எடுத்துத் துண்டு எங்கே இருக்கிறது என்று பார்த்து முடிவெடுப்பார்கள்.

நான்காவது, சிறுநீரகம். கிளினிக் கொப்பியில் கிரியற்றினின் என்று ஒரு எண் இருக்கும், அது கூடிக்கொண்டு போகிறதா என்று கேளுங்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் புண் ஆறுவது கடினம். டயலிசிஸ் செய்கிறவர்கள்தான் கால் இழக்கும் ஆபத்தில் முன்வரிசையில் நிற்கிறார்கள். உடம்பு நோவுக்கென்று பாமசியில் சீட்டு இல்லாமல் வாங்கிப் போடும் குளிசைகள் இருக்கின்றனவே, அவற்றில் பல சிறுநீரகத்துக்குக் கூடாது. வயல் வேலை செய்கிறவர்கள் அதைக் கடலைபோல் போடுகிறார்கள், கேட்டால் “அது சும்மா நோக் குளிசை” என்கிறார்கள். கண் பார்வை மங்கியிருப்பதும், இரத்தம் குறைந்திருப்பதும், உடம்பில் புரதம் இல்லாமல் வற்றியிருப்பதும் இதே வரிசையில் வருகின்றன. புண் ஆற உடம்புக்கு மீனும் முட்டையும் பருப்பும் வேண்டும். காயத்துக்குப் பத்தியம் என்று அப்பாவை வெறும் கஞ்சியோடு வைத்திருந்தால் அதை இன்றோடு நிறுத்துங்கள். சிறுநீரகம் பழுது என்று தெரிந்தால் மட்டும் எவ்வளவு சாப்பிடலாம் என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

சீனியின் அளவை நீங்கள் முதலில் எதிர்பார்த்திருப்பீர்கள். அது முக்கியம்தான். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.வன்.சி. பலருக்கு 7 சதவீதம் அளவில் இருந்தால் நல்லது. ஆனால் இந்தக் கிழமை விரலைக் காப்பது அந்த எண் மட்டும் இல்லை. வாட்டில் அப்பாவுக்கு இன்சுலின் போடுவார்கள். “ஊசி தொடங்கினால் கால் எடுப்பார்கள்” என்று ஊரில் ஒரு கதை இருக்கிறது. கிருமி பிடித்த உடம்பில் குளிசை போதாது, அதனால்தான் ஊசி. நோய் முற்றிய பிறகு ஊசி தொடங்கியவர்களைப் பார்த்துவிட்டுப் பழியை ஊசியில் போடுகிறார்கள்.

வயது, ஆணாக இருப்பது, சீனி வந்த வருடங்கள், முன்பு ஒரு தடவை புண் வந்தது, முன்பு விரலோ காலோ இழந்தது என்பவையும் ஆபத்தைக் கூட்டும். கடைசியாகச் சொன்னது எங்கள் பக்கத்தில் தனிக் கதை. மிதிவெடியில் ஒரு காலை இழந்து, ஜெய்ப்பூர் செயற்கைக் கால் போட்டு வயலும் தோட்டமும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது இளம் ஆட்கள். இப்போது நாற்பது ஐம்பது வயது, சீனி வருகிற வயது. மிச்சமிருக்கும் ஒரு கால் இரண்டு காலின் பாரத்தையும் சுமக்கிறது. அப்படி ஒருவர் உங்கள் சொந்தத்தில் இருந்தால், சீனி சோதித்தாரா என்று தயவுசெய்து கேளுங்கள்.

இவற்றில் வயதையோ, சீனி வந்த வருடத்தையோ மாற்ற ஏலாது. நான் காணும் கால்களில் எது போனது எது தப்பியது என்று யோசித்தால், பட்டியலில் முதலாவதாக எழுத வேண்டியது வீட்டில் வைத்திருந்த நாட்களைத்தான். அதற்கு எப்போதும் ஒரு நியாயம் இருக்கும். அறுவடை முடியட்டும், பஸ் இல்லை, ஆடு மாட்டைப் பார்க்க ஆள் இல்லை, பரியாரியார் எண்ணெய் கட்டினார், மஞ்சள் வைத்தோம், சுடுதண்ணியில் காலை வைத்தோம். மஞ்சளை நான் பெரிதாகக் குறை சொல்லமாட்டேன். சுடுதண்ணி மட்டும் வேண்டவே வேண்டாம், உணர்ச்சி இல்லாத கால் அவிந்துபோவதுகூட ஆளுக்குத் தெரியாது.

இப்போது பெரியப்பாவின் கதை. விரல், பாதம், முழங்காலுக்குக் கீழே என்ற வரிசை பொய் இல்லை. ஒரு விரல் எடுத்தவருக்கு மறுபடி எடுக்க வேண்டி வரும் ஆபத்து மற்றவர்களைவிடக் கூட. ஆனால் கத்தி வைத்ததால் அது மேலே ஏறவில்லை. இரத்தம் போதாத இடத்தில் வெட்டினால் வெட்டு ஆறாது, பிறகு ஆறக்கூடிய உயரத்துக்குப் போக வேண்டி வரும். கிருமி தசை நாண் வழியே மேலே போயிருந்தாலும் அப்படித்தான். விரல் போன பிறகு பாரம் விழும் இடம் மாறி, பக்கத்தில் புதுப் புண் வரும். பெரியப்பாவுக்கு இதில் எது நடந்தது என்று நான் சொல்ல ஏலாது. ஆனால் செத்துப்போன, மணக்கிற விரலை அப்படியே வைத்திருந்தால் மிச்சக் கால் தப்பாது. காய்ந்து சுருங்கிக் கறுத்த விரல் என்றால் ஓட்டத்தைச் சோதிக்க நேரம் இருக்கும். ஈரமாக, வீங்கி, மணத்தோடு கறுத்தது என்றால் மணித்தியாலக் கணக்கு. அங்கே விரலைக் கொடுத்துக் காலைக் காப்பதுதான் நடக்கிறது. சில வேளை காலைக் கொடுத்து உயிரைக் காப்பாற்ற வேண்டியும் வரும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அப்பாவுடையது அந்த ஈரமான, மணக்கிற வகைபோல் இருக்கிறது. கண்ணால் பார்க்காமல் அதற்கு மேல் சொல்லமாட்டேன்.

ஆகவே “எடுக்க விடமாட்டோம்” என்று நிற்காதீர்கள், கேள்வி கேளுங்கள். இந்தக் காலுக்கு இரத்தம் போகிறதா, எப்படிப் பார்த்தீர்கள்? அடைப்பு இருந்தால் அதைத் திறக்க வழி உண்டா, அதற்கு எங்கே அனுப்புவீர்கள்? எலும்பில் கிருமி இருக்கிறதா? எந்த இடத்தில் வெட்டப் போகிறீர்கள், அது ஆறும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? இதைக் கேட்டதற்காக ஒரு நல்ல சத்திரசிகிச்சை நிபுணர் கோபிக்கமாட்டார். இரத்தக்குழாய் நிபுணரிடம் அனுப்பினால் தூரம் என்று தட்டிக்கழிக்காதீர்கள். பலூன் போட்டோ, வேறு குழாய் பொருத்தியோ ஓட்டத்தைத் திறந்த பிறகு விரலோடு நின்றுபோன கால்கள் உண்டு. சில வேளை கிருமி அவசரத்தில் முதலில் சீழைத் திறந்துவிட்டு, ஓட்டத்தைப் பிறகு பார்ப்பார்கள். அரசாங்க வைத்தியசாலையில் இதற்கெல்லாம் காசு கட்டத் தேவையில்லை. போக்குவரத்தும், கூட நிற்கிறவரின் சாப்பாடும், வயல் வேலை கெடுவதும்தான் உங்கள் செலவு. அது சின்னச் செலவு இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

பீடியை அப்பா இன்றோடு விட வேண்டும். குறைக்கிறேன் என்பது இந்தக் காலுக்கு உதவாது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு பாதத்தில் பாரம் வைக்கக்கூடாது என்பார்கள், அதுவும் அப்படித்தான். குசினிக்கும் கழிப்பறைக்கும் போகிற நாலு எட்டும் எட்டுத்தான். ஊன்றுகோலோ வோக்கரோ வாட்டிலேயே கேட்டு வாங்குங்கள். மற்றக் காலில் கெந்திக் கெந்தித் திரிய விடாதீர்கள், அங்கேயும் சீனிதான் ஓடுகிறது.

வற்றாப்பளைக்கு வெறுங்காலோடு போக நான் சம்மதிக்கமாட்டேன். வைகாசி வெயிலில் அந்த மணல் எப்படிச் சுடும் என்று உங்களுக்கே தெரியும். உணர்ச்சி இல்லாத பாதம் கொப்புளித்து உரிந்த பிறகுதான் ஆளுக்குத் தெரியவரும். தீ மிதிப்பும் கதிர்காமப் பாதயாத்திரையும் இதற்குள் அடங்கும். புண் முழுக்க ஆறியிருந்தால், விடியப்புறம் குளிர்ந்த நேரத்தில், வீதியில் செருப்போடும் உள்ளே தடித்த காலுறையோடும் கும்பிட்டு வரலாம். நேர்த்தியை எப்படி மாற்றி நிறைவேற்றுவது என்று ஐயரையோ பூசாரியாரையோ கேளுங்கள். அவர்கள் உங்கள் அப்பாவைவிட இளகிய மனம் உள்ளவர்களாக இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

புண் ஆறியதும் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ஆறிய 100 பேரில் 40 பேர் அளவில் ஒரு வருடத்துக்குள் மறுபடி புண்ணோடு வருகிறார்கள், ஐந்து வருடத்தில் 65 பேர். ஆகவே இரவில் விளக்கு வெளிச்சத்தில் இரண்டு உள்ளங்காலையும் விரலிடுக்கையும் நீங்களோ அம்மாவோ பாருங்கள். விரல்களுக்கு இடையே ஈரம் துடையுங்கள், அங்கே கிறீம் பூச வேண்டாம். தேய்ந்த பாட்டாவை எறிந்துவிட்டு, பின்பக்கம் பட்டி உள்ள, அடி தடித்த, விரலை இறுக்காத செருப்பு வாங்குங்கள். பின்னேரத்தில் வாங்குங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கி உண்மையான அளவு தெரியும். புதுச் செருப்பை முதல் நாட்களில் கொஞ்ச நேரம் மட்டும் போட்டு, கழற்றியதும் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். காயமே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சூடாகி வீங்கினாலும் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவ வேண்டாம், நரம்பு போன காலில் எலும்பு நொருங்கும்போது அப்படி வரும்.

அப்பாவைப்போல் ஒரு தடவை புண் வந்தவரின் பாதத்தை ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வைத்தியசாலையில் பார்க்க வேண்டும். எங்கள் கிளினிக்குகளில் கூட்டம் அதிகம், கொப்பியைப் பார்த்துக் குளிசை எழுதுவதோடு நேரம் போய்விடுகிறது. கேட்கும் வரை காத்திராமல், கதிரையில் இருந்ததும் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டச் சொல்லுங்கள்.